ரேவதி அக்காவின் சின்ன எடிட்டர்

ரேவதி அக்கா போய்விட்டார்.

இன்று காலை ஆபீஸ் குரூப்பில் பார்த்தேன். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை...

நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் போடுவதற்கு லைக் போடுவதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேங்கிக்காலில், ஒரு மாடியில் இருக்கும் சின்ன வெப் டிசைன் கம்பெனி எங்களுடையது. ஆசிரமம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ், கஃபே, லாட்ஜ்... இவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்போம். காலேஜ் முடித்து நான் சேர்ந்தபோது பக்கத்து சீட் அக்காவுடையது.

முதல் மூன்று நாள் நான் வாயே திறக்கவில்லை. நாலாவது நாள் அக்கா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ மியூட்டுலயே இருக்கியா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அந்த ஆபீஸில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

எங்கள் ஆபீஸில் பௌர்ணமி அன்று வீட்டிலிருந்தே வேலை. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

என் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே. அன்று அம்மா வாசலில் மோர் விற்பார். நான் உள்ளே, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய இலவச லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன்.

கோட் எழுதுகிற சாஃப்ட்வேரைத்தான் எடிட்டர் என்போம்; அப்போது ஆளுக்கு ஒன்று வைத்திருந்தோம். ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறந்தால் எல்லாம் கலைந்து கிடக்கும். எல்லோருக்கும் ஒரே எடிட்டர் என்று கம்பெனி நடத்தும் சார் முடிவு செய்தார். இந்தப் பௌர்ணமிக்கு வசதி அதிகமுள்ள பெரிய எடிட்டரைப் போட்டுப் பாருங்கள், நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் சின்னது ஒன்று போதும் என்றார். (பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கமெண்டில் சண்டை ஆரம்பித்துவிடும்.)

என் லேப்டாப்பில் அது... ஒரு எழுத்தைத் தட்டினால், திரையில் வருவதற்குள் அம்மா ஒருவருக்கு மோர் கொடுத்து டம்ளரையும் கழுவி வைத்திருப்பார்.

மதியம் அக்கா கூப்பிட்டார். "என்னாம்மா, லாட்ஜோட ரூம் பேஜ் இன்னும் வரல?"

"நெட்டு இல்லக்கா. காலைலேர்ந்தே இல்ல. கூட்டம் ஜாஸ்தி, டவரே கிடைக்கல."

பின்னாலிருந்து அம்மா வேறு, "அந்தப் பொட்டி இன்னுமாடி சுத்திக்கினு இருக்குது?" என்றார்.

அது அக்காவுக்கும் கேட்டிருக்கும். "சரி... நெட்டு வந்ததும் அனுப்பு. அவசரம் இல்ல."

வைத்த பிறகுதான் உறைத்தது. அக்கா கூப்பிட்டது வாட்ஸ்அப்பில்.

அப்போது எனக்கு ட்ரையல் பீரியட். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான், முதல் ஆபீஸ் வேலையும் எனக்குத்தான். லேப்டாப் இழுக்கிறது என்று சொன்னால், சரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுவார்களோ... அந்த பயத்தில்தான் அந்தப் பொய்.

மறுநாள் மீட்டிங். "பெரிசே வெச்சிக்கலாமா?" என்றார் சார். "சூப்பர் சார்," என்றான் கூட வேலை பார்க்கும் கார்த்தி. நான் குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வேணாம் சார்," என்றார் அக்கா. "அஞ்சு பேஜ் லாட்ஜ் வெப்சைட்டுக்கு ஜேசிபி எதுக்கு? மம்மட்டி போதும். சின்ன எடிட்டரே இருக்கட்டும்."

"அக்கா, உங்களுக்கு வயசாயிடுச்சி. அடுத்து ஸ்லேட்டு, பல்பம் கேப்பீங்க," என்றான் கார்த்தி.

"கேப்பேன்டா. நீ எழுதற கோட் எல்லாத்தையும் அழிக்க அதான் வசதி."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. கலர் ஜாஸ்தி, கண் கூசுகிறது, பாதி வார்த்தையை அதுவே எழுதிவிடுகிறது... ஏதேதோ சொன்னார். லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

கடைசியில் சார் கையெடுத்துக் கும்பிட்டு, "சின்னதே வெச்சிக்குங்க ரேவதி, ஆளை விடுங்க," என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு என் பேஜ் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ட்ரையல் முடிந்து வேலையும் நிரந்தரமானது. கார்த்தி மட்டும் அக்காவை ரொம்ப நாள் "மம்மட்டி அக்கா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு புது லேப்டாப் வாங்கினேன். ஆபீஸுக்குக் கொண்டு போனபோது அக்கா கையில் தூக்கிப் பார்த்தார்.

"வெயிட்டு கம்மியா இருக்குதே. ராம் மெமரி எவ்ளோ?"

சொன்னேன். "ம்ம்," என்றார். அவ்வளவுதான்.

அன்று மதிய மீட்டிங்கில், "சார், பெரிய எடிட்டருக்கே மாறிடலாம்," என்றார் அக்கா.

கார்த்தி எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா! ஒரு வருஷமா உங்களால மம்மட்டி புடிச்சிக்கினு இருக்கோம்!"

"இப்பதான் ஜேசிபி வந்துடுச்சில்ல. ஓட்டுடா."

சாயங்காலம் அக்கா அதில் வேலை செய்வதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். மவுஸையே தொடவில்லை. ஷார்ட்கட் எல்லாம் விரலிலேயே இருந்தது. அன்றைக்குப் புதிதாகத் தொடங்கிய கை இல்லை அது.

கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சாட்டில் டைப் செய்து டைப் செய்து அழித்தேன்... எத்தனையோ தடவை.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். கார்த்தி பைக்கில் வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.

போயிட்டு வாங்கக்கா.

அன்னைக்கு நெட்டு இருந்துச்சி.