அப்பளத்தில் என்ன இருக்கப்போகிறது?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மகள் மதியும் நானும் கழுகுமலை முருகனைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் கோவில்பட்டி திரும்பினோம். மதிக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் கோயில்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. நல்ல பசி.

"அம்மா, ஓட்டல்ல சாப்பிட்டுட்டுப் போவமா?" என்றாள்.

காதில் விழாத மாதிரி ஆட்டோவைத் தேடினேன்.

ஓட்டலில் சாப்பிட யாராவது பயப்படுவார்களா? நான் பயப்படுவேன். மதிக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம், லேசான அரிப்பு என்கிற கணக்கில் இல்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் – எதுவானாலும் சரி, துளி உள்ளே போனால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு திணறும். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை... போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவள் பைக்குள் ஊசியும் மருந்தும் எப்போதும் இருக்கும். எப்படிப் போட வேண்டும் என்று டாக்டர் எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

வீட்டில் அசைவமும் கிடையாது. ஆக, மதி பிறவியிலேயே வீகன், பாலும் தொடாத சைவம். ஃபேஷனுக்காக இல்லை, வேறு வழியில்லாமல்.

சைவ ஓட்டல் என்றால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அங்கேதான் உதறல். பொங்கலில் நெய். ரவா தோசை மாவில் மோர். குருமாவில் தயிர். போதாததற்கு, கேட்காமலே ஒரு கரண்டி நெய்யைச் சோற்றில் ஊற்றிவிட்டுச் சிரிப்பார்களே... அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

"வீட்டுக்குப் போயி ரசம் வைக்கேன், வா" என்றேன்.

"பெங்களூருக்கும் வந்து ரசம் வைப்பியா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

பரிமாற வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மதி அவரிடம் நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணே, எனக்குப் பாலு, தயிரு, மோரு, நெய்யி எதுவும் சேராது. தப்பித்தவறி சாப்பிட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"இது சுத்த சைவம்மா. முட்டைகூட உள்ள வராது."

"முட்டை இல்லண்ணே, பாலு."

"பாலு சைவந்தானம்மா?"

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் பாலை யார் சந்தேகப்படுவார்கள்? நான் குறுக்கே புகுந்து, உயிருக்கே ஆபத்து தம்பி என்றதும் அவர் முகம் மாறியது. விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போனார்.

"மாஸ்டர்ட்ட கேட்டுட்டேங்க்கா. சோறு வெறுஞ்சோறு, சாம்பாரு, ரசம், பீன்ஸ் பொரியல் மூணுலயும் கடலை எண்ணெய்தான். கூட்டும் பாயாசமும் வைக்க மாட்டேன். நெய் வாளியவே இந்தப் பக்கம் கொண்டார மாட்டேன், போதுமா?"

"அப்பளம்?" என்றேன்.

"அப்பளத்துல என்னக்கா இருக்கப்போவுது? உளுந்து மாவுதான!"

அதுவும் சரிதானே? நானும் சிரித்துவிட்டேன்.

மதி ரசித்துச் சாப்பிட்டாள். சாம்பார் சோற்றோடு அப்பளத்தை நொறுக்கிக் கொண்டாள். பக்கத்து மேஜையில் ஒரு பாயும் அவர் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது. அந்த அம்மா மதியைப் பார்த்துச் சிரித்து, என்ன படித்திருக்கிறாள் என்று என்னிடம் விசாரித்தார். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்...

மதியின் கை இலையில் அப்படியே நின்றது.

நாக்கால் உதட்டைத் தடவினாள். எனக்கு அந்தத் தடவல் தெரியும். எத்தனை வருடமானாலும் மறக்காது.

"ஏட்டி... என்ன செய்யுது?"

"உதடு அரிக்குதும்மா." கொஞ்சம் பொறுத்து, "தொண்டையும்..."

குரல் கரகரத்திருந்தது. கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழுதடு தடித்துத் தொங்கியது. ஓட்டல் இரைச்சல் முழுக்க நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு. அவள் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது, விசில் மாதிரி.

அவள் பையைக் கவிழ்த்தேன். மருந்துக் குப்பியை எடுத்து அதன் கழுத்தை உடைத்தேன். உடைத்தேனா? நொறுக்கினேன். மருந்து விரல் வழியே மேஜையில் ஓடியது. கையில் ரத்தம். இன்னும் ஒரு குப்பிதான் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். இதுவும் நொறுங்கிவிட்டால்? உடைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"யா அல்லா, புள்ளைக்கு மூச்சு முட்டுதே!" என்று பாயம்மா ஓடி வந்து மதியைத் தாங்கிப் பிடித்தார். "ஏங்க, ஆட்டோவ நிப்பாட்டுங்க!" பாய் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினார். பரிமாறியவர் சுவரோடு ஒட்டி நின்றார். "நெய்யே ஊத்தலியேக்கா... சத்தியமா ஊத்தலியே..."

மதி என் கையிலிருந்து குப்பியை வாங்கினாள்.

சேலை முந்தானையில் சுற்றி டக்கென்று உடைத்தாள். ஊசியில் மருந்தை ஏற்றினாள். சுடிதார் துணியோடு சேர்த்துத் தொடையில் குத்தினாள். கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உடைத்தது என் முந்தானையில் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஆட்டோவில் போகும்போதே விசில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். சரியான நேரத்தில் ஊசி போட்டிருக்கிறீர்கள் என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் பரிமாறியவர் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கட்டில் பக்கம் வரவே தயங்கினார்.

"இப்பத்தாங்க்கா மாஸ்டர் சொன்னாரு. காலையில மோர் மிளகாய் வறுத்த எண்ணெயிலதான் அப்பளத்தையும் பொரிச்சிருக்காவ. எனக்கு அது தோணவே இல்லக்கா."

மோரில் ஊறிக் காய்ந்த மிளகாய்! அது வறுபட்ட எண்ணெய்! அவருக்கு மட்டுமா தோன்றவில்லை? இருபத்திரண்டு வருடமாகப் பாலை வேவு பார்க்கிற எனக்கே தோன்றவில்லையே.

மதி கையசைத்து அவரை அருகே கூப்பிட்டாள். "விடுங்கண்ணே. ரசம் நல்லா இருந்துச்சு" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த ஊர்ல எவன் எதுல எதைப் பொரிப்பான்னு யாருக்குத் தெரியும்? திடீர்னு ஆயிட்டா ஊசி போட அங்கன யாரு இருக்கா?"

மதி என் விரலில் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தாள். கோபமே இல்லை.

"இங்கன நீ இருந்தியேம்மா. போட்டது யாரு?"

எத்தனையோ வருடமாக, அவள் உயிர் என் கைக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை போலிருக்கிறது.

போய்விட்டாள். பெங்களூரில் மூன்று பெண்களோடு தங்கியிருக்கிறாள். காலையும் ராத்திரியும் அவளே சமையல். மதியம் ஆபீஸ் கேன்டீன். அங்கே அப்பளம் பொரிக்கும் சட்டி தனியா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாளாம். தன்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கும் ஊசி போடச் சொல்லிக்கொடுத்துவிட்டாளாம். தைரியமாகத்தான் இருக்கிறாள்.

பயமெல்லாம் எனக்குத்தான். மதியம் ஒரு மணி ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். கேட்ட கையோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.