வடிக்கத் தெரிந்தவர்

தெருவில் எல்லோரும் அவரை ‘அடைப்பு’ என்றுதான் அழைப்பார்கள். இருபது வருடமாக ஊரார் வீட்டுக் குழாய்களில் அடைப்பு எடுத்துவிடுகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று யாரும் யோசித்ததில்லை. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. “அடைப்பு இருக்காரா?” என்று கைப்பேசியில் கேட்டால், “இருக்கேன், சொல்லுங்க” என்பார்.

அவர் கை வைத்தால் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும். அடுப்பு கேட்காது. மனைவி வேலைப் பயிற்சிக்காக ஒரு மாதம் வெளியூர் போன நான்காம் நாளே, பன்னிரண்டு வயது மகள் துணிப்பையைக் கட்டிவிட்டாள்.

“மூணு நாளா ரொட்டியும் ஜாமும். இன்னிக்கு ஒழுங்கா ஒரு சாப்பாடு இல்லன்னா நான் சித்தி வீட்டுக்குப் போயிடுவேன். ராத்திரி எட்டு மணிக்கு வரச் சொல்லியாச்சு.”

அவர் வாதாடவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போதே பாஸ்தா, பால், வெண்ணெய், சீஸ் எல்லாம் வாங்கி வந்தார். கைப்பேசியில் பார்த்த சமையல் வீடியோவில் ஒரு பெண்மணி சத்தியம் செய்திருந்தாள்: ஒரே பாத்திரம், அரை மணி நேரம், வெண்ணெய் போல வழுவழுவென்று பாஸ்தா சூப். ‘ஒரே பாத்திரம்’ என்பதில் அவர் விழுந்துவிட்டார்.

ஆரம்பம் அமர்க்களம். வெண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதங்கின. கேரட்டைக் குழாய்த்துண்டு போல அளவெடுத்து வெட்டியிருந்தார். தண்ணீர், பால், உப்பு, மிளகுத்தூள், அதன்மேல் சங்கு சங்காகப் பாஸ்தா. மணம் உள்ளறை வரை போய் மகளைக் கூட்டிவந்தது.

“பரவாயில்லையேப்பா!”

அதில்தான் கெட்டது. பாராட்டு தலைக்கேறிய நிலையில், இன்னும் எத்தனை நிமிடம் என்று பார்க்கக் கைப்பேசியை எடுத்தால் அதில் உயிரில்லை. பாஸ்தா உறையைத் திருப்பினார். ‘எட்டு நிமிடம் வேகவைத்து வடிக்கவும்.’ அச்சில் இருப்பதை மீறும் ஆள் அல்ல அவர். தேங்கிய தண்ணீரைக் கண்டால் கை பரபரக்கும் ஆளும்கூட. சிங்க்கில் வடிதட்டை வைத்து (ஒரே பாத்திரம் என்ற சத்தியம் அங்கேயே முறிந்தது) எல்லாவற்றையும் அப்படியே கவிழ்த்தார்.

ஒரு சொட்டும் தங்காமல் சூப் உள்ளே இறங்கியது. ஊரிலேயே அடைப்பில்லாத சிங்க் அது.

“அப்பா... சூப் எங்க?”

“வடிக்கச் சொல்லியிருக்கும்மா.”

“அது வெறும் பாஸ்தாவுக்கு! இதுல நீங்க வடிச்சதுதான் சூப்பே!”

அவர் மணியைப் பார்த்தார். ஏழே முக்கால்.

“சரி, பையை எடுத்துட்டு வந்துடு,” என்றார்.

அவள் நகரவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல், வடிதட்டில் கிடந்ததைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினாள். மிச்சமிருந்த பாலை ஊற்றி, வெண்ணெய் போட்டு, அடுப்பைக் குறைத்தாள். சீஸையும் துருவியையும் அவர் கையில் கொடுத்தாள்.

“துருவுங்க. வேற எதையும் தொடாதீங்க.”

எட்டு மணிக்கு வந்த சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல், “கிளம்பலாமாடி?” என்றாள்.

“நான் வரல சித்தி. இவரைத் தனியா விட்டா ஒரே வாரத்துல இளைச்சுத் துரும்பாயிடுவாரு.”

“அப்படி என்ன பண்ணீங்க அத்தான்?”

“சூப் பண்ணேன்,” என்றார் அவர், சீஸிலிருந்து தலை நிமிராமல்.

“பாதி,” என்றாள் மகள், சித்திக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்து.