நம்ம தெருவுல நிக்காது

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் கணவர் சொல்வார். அவர் அதைக் குறையாகச் சொல்வார், நான் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். தாம்பரத்தைச் சுற்றி வீடு தேடும் எவருக்கும் அந்தப் புத்தி தானாகவே வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் யாரோ அவர் தலையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் அண்ணன் தலையில் அப்படித்தான் அரைத்தார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே போகும் ஒரு மனைப்பிரிவுக்கு இலவச வேனில் அழைத்துப்போனார்கள். கலர் கொடி கட்டிய பொட்டல்வெளியில் ஷாமியானா போட்டு எலுமிச்சை சாதமும் வடகமும் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் அண்ணன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அங்கே முள்செடிதான் வருகிறது. பாவம், அவர் காலத்தில் புரோக்கர் சொன்னதைத்தான் நம்பியாக வேண்டும், சரிபார்க்க வழியில்லை.

எனக்கு வழி இருந்தது. கையில் ஃபோன் இருந்தது.

எங்களுக்கு வேண்டியது பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தபோது ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நான் கல்லூரி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் அவர் மட்டும். பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்திய மனிதர். ஓய்வு பெறுவதற்கு முன்பே இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப்படி ஏற முடியாமல், சாப்பாட்டு மேஜை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நான் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து கதவைத் தள்ளியபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வெளியே தூறல் விழுந்தாலே மனிதர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வார். ஆகவே வீடு தரைத்தளத்தில் இருக்க வேண்டும், அவர் முழங்காலுக்காக. தண்ணீர் வரக் கூடாது, அவர் மனசுக்காக. இந்தப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது சுலபமில்லை.

தேடத் தொடங்கியதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வில்லங்கம் பார்த்தேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பழைய வருஷங்களுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 'லேக் வியூ' என்று விளம்பரம் செய்திருந்த அடுக்ககம் ஒன்று பழைய படத்தில் ஏரிக்கு நட்டநடுவில் வந்தது. ஏரியைப் பார்த்த வீடு இல்லை, ஏரியே பார்த்துக்கொண்டிருக்கும் வீடு. 'ஸ்டேஷன் பக்கம்' என்று போட்டவர்களையெல்லாம் தூரம் அளந்து, எந்த வண்டியில் போனால் பக்கம் என்று கேட்டேன். பல மைல் தள்ளி, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் வீட்டைத் தாம்பரம் என்றே ஒருவர் விளம்பரம் செய்திருந்தார். அவரிடம் நான் பேசியதை என் கணவர் இன்றும் நடித்துக் காட்டுவார்.

ஒரு புரோக்கர் பொறுமை இழந்துவிட்டார். "இன்னா மேடம், நீங்க வூடு வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா? ஒரே பேஜாரா கீது" என்றார்.

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எந்த அரசு இணையதளத்திலும் பதில் இல்லை. தண்ணி நிக்குமா? அதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை ஒரே பதில்தான். "நம்ம தெருவுல நிக்காது மேடம். பக்கத்துத் தெருவுலதான் நிக்கும்."

சரி என்று பக்கத்துத் தெருவுக்குப் போனேன். கேட்டில் நின்று கீரை வாங்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். "இங்கயா? சேச்சே. அந்தத் தெருவுலதான்" என்று நான் வந்த திசையைக் காட்டினார். இப்படியே தெருத்தெருவாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் அது கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் மனிதர்களிடம் கேட்பதையே விட்டேன். வாய் பொய் சொல்லும், படம் சொல்லாது என்று முடிவு கட்டினேன்.

தெருப் பெயரையும் மழையையும் சேர்த்துப் போட்டுத் தேடினால் போதும். யாராவது மொட்டை மாடியிலிருந்து வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்கள். வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டாலே முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டர் தள்ளும் படம் வரும். ஒரு வீட்டை என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பின்னால் கொய்யா மரம், முன்னால் அகலமான வராந்தா, படியே இல்லை. அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஃபோனை எடுத்தேன். அதே தெருவில் படகு போகிற படம் இருந்தது. யாரோ முகம் தெரியாத புண்ணியவான் போட்டது. அவரிடம் காட்டினேன். எழுந்து வந்துவிட்டார். கேட்டைத் தாண்டும்போது வராந்தாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அண்ணனுக்குக் கிடைக்காத ஆயுதம் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் வீடு அமைந்தது. தனி வீடு, ஒரே தளம். அந்தத் தெருவைப் பற்றி இணையத்தில் நான் தேடாத தேடல் இல்லை. தமிழில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன், எழுத்துப் பிழையோடும் தேடினேன். தண்ணீர் என்று ஒரு படம் கிடையாது, ஒரு புகார் கிடையாது. 'அமைதியான தெரு, நல்ல மனிதர்கள்' என்று மட்டும் நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள்.

தெருவும் பார்க்க லட்சணமாக இருந்தது. எல்லா வீட்டு மதில்களிலும் கீழ்ப்பாதிக்கு அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்தில் பெயிண்ட், மேல்பாதிக்கு வெள்ளை. தெரு முழுக்க ஒரே அளவு, ஒரே நிறம். "எவ்வளவு ஒத்துமையான ஜனங்க பாரு" என்றார் அவர். எனக்கும் பிடித்திருந்தது. அந்த மதிலை ஃபோட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

பாஸ்டர் வந்து ஜெபித்து வீட்டைப் பிரதிஷ்டை செய்தார். எதிர்வீட்டு அக்கா, கணவரை இழந்து தனியாக இருப்பவர், முதல் நாளே ஹாட்பாக்ஸில் இட்லி கொண்டுவந்தார். அவ்வளவு நல்ல மனுஷி. அவர் மீதுகூட எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. காரணமில்லாமல் இட்லி கொடுப்பார்களா என்று. அவர் போன பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் தெருவில் இருந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏதோ பெரிய கல்யாணம் போலிருக்கிறது, நம்மைக் கூப்பிடவில்லையே என்று எனக்கு வருத்தம். அவர்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள் என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது.

காலையில் கண் விழித்தபோது குளியலறையிலிருந்து குபுகுபுவென்று சத்தம். தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, சாக்கடை வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. வாசல் கதவைத் திறந்தால் தெரு இல்லை. தண்ணீர் சரியாக அந்தக் காப்பிக்கொட்டை நிறம் முடிகிற இடத்தில் வந்து நின்றிருந்தது, தெரு முழுக்க, ஒரே மட்டத்தில். கறை தெரியாமல் இருக்க அடித்த பெயிண்ட். அதைத்தான் நாங்கள் ஒற்றுமை என்று மெச்சினோம். ஊரிலுள்ள செயற்கைக்கோள் படத்தையெல்லாம் அலசிய எனக்கு, கண்ணெதிரே இருந்த மதில் தெரியவில்லை.

அவர் கட்டில் மேல் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார். காலைத் தூக்கி வைத்திருந்தார். "நீ பார்த்தியே, நல்லா பார்த்தியே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதனால்தான் தாங்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. வாசலுக்குப் போய் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வீடியோ எடுத்தேன். தெருப் பெயரோடு வரைபடத்தில் போட்டேன். பேட்டைக்காரர்கள் குழுவிலும் போட்டேன். 'வீடு வாங்க வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். இன்னொரு கையில் ஃபிளாஸ்க். எங்கள் சமையலறை முங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றி முதலில் என் கணவருக்குக் கொடுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்தார்.

"அந்த வீடியோவ எடுத்துடும்மா."

"ஏன்க்கா எடுக்கணும்? உண்மைதானே?"

"உண்மைதான். நானும் வந்த வருஷம் போட்டேன். உன் வீட்டை உனக்கு வித்தாரே, அவரும் போட்டாரு. எல்லாருமே மொதல்ல போடுவாங்க. அப்புறம் எடுத்துடுவோம். என்னிக்காவது விக்கணும் இல்ல?"

இணையத்தில் ஒன்றுமே இல்லையே என்று நான் சந்தோஷப்பட்டேனே, அந்த ஒன்றுமில்லாததை இவர்கள் உட்கார்ந்து துடைத்து வைத்திருக்கிறார்கள். கொய்யா மரத்துத் தெருவில் துடைக்கிற ஆள் இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

"அப்ப அந்த இட்லி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "மனசு கேக்காமதான் கொண்டாந்தேன். சொல்லவும் முடியல. எல்லாருக்கும் நான்தான் காப்பி எடுத்துட்டுப் போறேன். எனக்கும் இது பிடிக்கலம்மா" என்றார்.

நான் எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். தண்ணீர் வடிந்தும் எடுக்கவில்லை. தெருவில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எனக்குக் கவலையில்லை. ஆனால் வீடு காய்ந்த பிறகும் அவர் கட்டிலை விட்டு இறங்கத் தயங்கினார். இறங்கினாலும் குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாப்பிடும்போது, "வித்துட்டு எங்கயாவது போயிடலாமா?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாகக் கேட்டார். எங்கள் கையிருப்பெல்லாம் இந்த வீட்டுக்குள்தான். இதை விற்காமல் எங்கேயும் போக முடியாது. அந்த வீடியோ இருக்கும்வரை இதை யாரும் வாங்கப்போவதில்லை. நான் ஃபோனை எடுத்து அதை நீக்கினேன். நீக்கிவிடலாமா என்று ஃபோன் மறுபடியும் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். தை மாதம் பெயிண்டர் வந்து எங்கள் மதிலுக்கும் மறுபடி காப்பிக்கொட்டை நிறம் அடித்துவிட்டுப் போனார்.

எங்கள் வீடு சுலபத்தில் விற்கவில்லை. அதற்குள் அடுத்த வீடு விலைக்கு வந்தது. ஒரு சின்ன வயதுத் தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தாள். அவள் பார்வையைப் பார்த்ததும் நான்தான் வந்து நிற்கிறேனோ என்று இருந்தது.

"ஆன்ட்டி, இங்க தண்ணி நிக்குமா?"

தயாராக ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "நிக்கும்மா. வீட்டுக்குள்ளயே வரும்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெட்ல ஒரு ஃபோட்டோகூட இல்லையே ஆன்ட்டி. நான் நல்லா பாத்துட்டேன்" என்றாள். அவள் கண் எங்கள் கேட்டில் தொங்கிய 'வீடு விற்பனைக்கு' அட்டைக்குப் போய்த் திரும்பியது. திரும்பி நடக்கும்போதே கணவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அவங்க வீடு விக்கணும்ல, அதான் பக்கத்து வீட்டைக் கெடுக்கறாங்க." அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவர்கள் அந்த வீட்டை வாங்கினார்கள். போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்த்து அளவாகச் சிரிப்பாள். மறுபடி ஐப்பசி வந்தது. கார்கள் மேம்பாலத்துக்குக் கிளம்பிய சாயங்காலம், "உங்க காரையும் எடுத்துடுங்கம்மா" என்று மதிலுக்கு மேல் எட்டிச் சொன்னேன். "பரவாயில்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

காலையில் தண்ணீர் வந்தது. இந்த முறை நாங்கள் தயாராக இருந்தோம். காஸ் அடுப்பைத் தூக்கிப் பரண் பக்கம் உயரமாக வைத்திருந்தோம். அவர் கட்டில் மேல் காலைத் தூக்கிக்கொண்டு, சாக்கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் ஃபோன் டிங் என்றது. பேட்டைக் குழுவில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வீடியோ. தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எடுத்திருந்தாள். அதில் எங்கள் மதிலும், எங்கள் கேட்டில் தொங்கும் அட்டையும் தெளிவாகத் தெரிந்தன. 'யாரும் இங்கே வீடு வாங்காதீர்கள்' என்று எழுதியிருந்தாள்.

உடனே எதிர்வீட்டு அக்கா ஃபோனில் கூப்பிட்டார். "பார்த்தியா? எனக்கு இந்த வருஷம் தண்ணில நடக்க முடியலம்மா. நீ ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்."

ஃபோனை வைத்தேன். கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாலை அடுப்பில் வைத்தேன்.