இரும்புக் கையுறை போட்டு ஆடிய ஆறு நாள்

சீட்டாடிக் குடும்பம் நடத்தியவன் உலகத்தில் இல்லை என்று சொல்கிறவர்கள் மொக்கைச்சாமியைப் பார்த்ததில்லை. நல்லூரில் அவர் கட்டிய ஓட்டு வீடு நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மகள் படித்ததும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்ததும் பதின்மூன்று சீட்டால்தான். எவனிடமும் கை நீட்டியதில்லை. ஒரு சீட்டையும் மறைத்ததில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு பஸ் ஏறித் திருப்பூர் வந்தவர். பனியன் கம்பெனியில் தைத்த துணியைக் கைமடிக்கும் எடுபிடியாக நின்று, பத்தே வருஷத்தில் கட்டிங் மாஸ்டர் ஆனார். கட்டிங் மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நூறு அடுக்குத் துணியை விரித்து, ஓரத்தில் கட்டைவிரலை ஓடவிட்டே தொண்ணூற்றெட்டுதான் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? மொக்கைச்சாமி சொல்வார். எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டுதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுவார். அந்த ஒரு நாள் வருமானம், ஆறு நாள் துணி வெட்டி வாங்கிய சம்பளத்தைத் தாண்டியது. அவசரப்படவில்லை. முழுசாக ஒரு வருஷம் பார்த்தார். தாண்டிக்கொண்டேதான் இருந்தது. 2003 தீபாவளி போனஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"சீட்டாடப் போறேன் சார்."

"எத்தனை நாள் லீவுங்க மாஸ்டர்?"

"லீவு இல்ல சார். வேலைக்குப் போறேன்."

மேனேஜர் சிரித்த சிரிப்பில் அக்கவுண்ட்ஸ் ரூமிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. சிரித்துக்கொள்ளட்டும். அடுத்த நாள் காலை மொக்கைச்சாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, டிபன் பாக்ஸோடு மன்றத்துக்குப் போனார். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை. ஒரு ஷிப்ட். அதற்கு மேல் யார் இழுத்தாலும் உட்கார மாட்டார். குடி கிடையாது, பீடி கிடையாது. பத்துக் கை வந்தால் நாலைந்தைப் பார்த்ததுமே கீழே வைத்துவிடுவார். அப்படி வைத்தால் இருபது பாயிண்ட்டுக்கான காசோடு போகும். ஆசைப்பட்டு ஆடி மாட்டினால் எண்பது வரைக்கும் போகும். தோற்கிறவன் எண்பது கொடுக்கிற இடத்தில் இருபது கொடுத்துவிட்டு எழுந்திருப்பதுதான் தொழில். மற்றவர்கள் பொழுதுபோக்க வந்தவர்கள், அவர்களால் முடியாது.

சுகமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. காய்ச்சல் அடித்தால் வருமானம் இல்லை. சரியாக ஆடியும் இருபது நாள் தொடர்ந்து தோற்ற மாதம் உண்டு. கம்பெனியில் தப்பாக வெட்டினால்தான் திட்டு விழும். இங்கே ஒரு தப்பும் செய்யாமல் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். போய் முகத்தையும் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். மனைவி மூக்கம்மாள் ஓவர்லாக் டெய்லர். அவளுக்கு வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் வந்துவிடும். "ஒங்க கம்பெனில இந்த வாரம் லோடு இல்லையாக்கும்" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை மூன்று நாள் உள்ளே கிடந்து குத்தும்.

மகளின் பள்ளிக்கூடத்தில் படிவம் நிரப்பும்போது தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ரம்மி' என்றே எழுதினார். "வியாபாரம்னு போட்டுக்கலாமுங்களா?" என்று கிளார்க் பேனாவை நீட்டினார்.

"வியாபாரம்னா பொய் சொல்லணும் சார். இதுக்கு வேணாம். அப்பிடியே இருக்கட்டும்."

இப்படி நாலு வருஷம் ஓடியது. 2007-ல் டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கியது. ஏற்றுமதியை நம்பியிருந்த திருப்பூரில் முதலாளிமார் முகமெல்லாம் கருத்துப்போன வருஷம் அது. மன்றத்துக்கு வருகிறவர்கள் சிரிப்பதை விட்டார்கள். செல்வக்குமார் என்று ஒருவர், எட்டு நிட்டிங் மெஷின் வைத்திருந்தவர், தினமும் மொக்கைச்சாமி மேஜையில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சீட்டை மேஜையில் விசிறி எறிந்தார். கோபத்திலும் மரியாதை குறையவில்லை, கொங்குநாட்டுக்காரர் இல்லையா.

"ஏனுங்க மாஸ்டர், அந்தக் கட்டைவெரல்ல என்னுங்க வெச்சிருக்கறீங்க?"

மொக்கைச்சாமிக்குப் புரியவில்லை. "வெரல்ல நகந்தேன் இருக்கு. என்ன கேக்குறீங்க?"

"சீட்டு கைக்கு வந்ததும் ஓரத்துல ஒரு தடவு தடவறீங்களே, நானும் மூணு மாசமாப் பாக்கறேன். நகத்துல கீறி வெச்சுத் தடவித் தடவிப் படிக்கறீங்க. அல்லாரும் கேட்டுக்கங்க, இத்தன நாளா நம்ம தோத்தது இவரு மூளைக்கு இல்லீங்க, இவரு வெரலுக்கு!"

மன்றமே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் மொக்கைச்சாமிக்கே தன் விரல் என்ன செய்கிறது என்று தெரிந்தது. பதின்மூன்று சீட்டு கைக்கு வந்ததும் அது தானாக ஓரத்தில் ஓடி, பதின்மூன்று இருக்கிறதா என்று பார்த்திருக்கிறது. துணி அடுக்கை எண்ணிய விரல். வேலையை விட்டது மொக்கைச்சாமிதான், விரல் விடவில்லை.

"அது லேயர் எண்ணுற பழக்கங்க" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நம்பிச் சிரித்த சிரிப்பில்லை அது.

மன்றத்துச் செயலாளர் மருதாசலம் வயதானவர், நிதானமானவர். "கொஞ்சம் பொறு கண்ணு" என்று செல்வக்குமாரை அடக்கினார். அவர் அடங்கவில்லை. செல்போனை எடுத்துப் பல்லடம், அவிநாசி, காங்கேயம் மன்றங்களுக்கெல்லாம் அங்கேயே நின்று பேசினார். மொக்கைச்சாமி என்று ஒரு ஆள் வந்தால் மேஜையில் சேர்க்காதீர்கள் என்றார். பேசி முடித்து இந்தப் பக்கம் திரும்பினார்.

"பொழப்புக்கு என்ன பண்றதுன்னு ரோசனை பண்ணாதீங்க மாஸ்டர். நம்ம மச்சான் கம்பெனில கட்டிங்குக்கு ஆள் வேணும்னாங்க. திங்கக்கெழம வந்துருங்க."

திருட்டுப்பட்டம் கட்டியதைவிட அதுதான் வலித்தது. பெயரைக் கெடுத்துவிட்டுச் சோறு போடுகிறேன் என்கிறான். மொக்கைச்சாமி எழுந்து நின்றார்.

"வெரலுதான ஒங்களுக்குச் சந்தேகம்? மூடிட்டு ஆடுறேன். கட்டிங் மெஷின்ல கை போகாம இருக்க இரும்பு வளையத்துல பின்னுன கிளவுஸ் போடுவோம். ரெண்டு கைக்கும் நீங்களே வாங்கியாங்க. சீட்டுக்கட்டும் தெனம் புதுசு, அதுவும் நீங்களே. அதுக்குள்ளாற இருந்து எந்த வெரலு எதப் படிக்குதுன்னு பாப்போம்."

"ஒரு நாள் ஆடிக் காட்டுனாப் போதுமுங்க" என்றார் மருதாசலம்.

"ஒரு நாள்ல எந்தக் கொம்பனும் தோப்பான், எந்தக் கூமுட்டையும் ஜெயிப்பான். ஒரு வாரம் ஆடுறேன். சனிக்கெழம சாயங்காலம் எம்பேருல ஒரு பாயிண்ட் கொறஞ்சிருந்தாலும் நான் திருடன்னு எழுதி இந்தச் செவுத்துல ஒட்டிக்கங்க. பொறகு சீட்டையே தொடல."

ஒரு வாரமும் போதாது என்று அவருக்குத் தெரியும். கெட்டிக்காரனுக்கும் சீட்டு ஒரு வாரம் வராமல் போகும். ஒரு மாதமாவது வேண்டும். ஆனால் மாதம் கேட்டிருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை கையுறை வந்தது. மேஜையைச் சுற்றி ஐந்து பேர் ஆட, இருபது பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். இரும்புக்குள் கையை விட்டதும் மொக்கைச்சாமிக்கு நிலைமை தெரிந்துவிட்டது. பதின்மூன்று சீட்டை விசிறி மாதிரிப் பிடிக்க முடியவில்லை. வழுக்கியது. ஆர்ட்டின் ராணி நழுவி எல்லோரும் பார்க்க மல்லாந்து விழுந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு இவர் கை முழுசும் தெரிந்தது. அன்றைக்குத் தோல்வி. செவ்வாயும் தோல்வி. நூற்றுத் தொண்ணூறு பாயிண்ட் கீழே.

"பாத்தீங்களா? வெரலு போச்சு, ஆட்டமும் போச்சு" என்றார் செல்வக்குமார். மருதாசலம்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

புதன்கிழமை காலை மூக்கம்மாள் டிபன் பாக்ஸை மூடாமலே கேட்டாள். "கட்டிங்குக்குத்தேன் கூப்புடுறாகளே. போனா என்ன? கௌரவம் கொறஞ்சா போகும்?"

"திருடன்னு பேரோட கத்தியப் புடிக்கச் சொல்றியா?"

அவள் மூடியை அழுத்தி மூடிக் கையில் கொடுத்தாள்.

நடந்துபோகும்போதுதான் மொக்கைச்சாமிக்கு அது உறைத்தது. சீட்டை எதற்காகப் பிடிக்க வேண்டும்? கட்டிங் டேபிளில் பேட்டர்ன் தாளை ஒரு தடவை பார்ப்பார். எந்த மூலையில் கை, எந்த இடத்தில் கழுத்து, எங்கே உடம்பு என்று மனசில் பதிந்துவிடும். அதற்கப்புறம் தாளைப் பார்க்காமலே கத்தியை ஓட்டியவர். இருபத்தெட்டுத் துண்டு நினைவில் நின்ற மண்டையில் பதின்மூன்று சீட்டு நிற்காதா?

அன்றைக்குச் சீட்டைப் போட்டதும் இரண்டு கையாலும் அள்ளி ஒரே ஒரு பார்வை பார்த்தார். பிறகு பதின்மூன்றையும் மேஜையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"என்னுங்க இது?" என்றார் செல்வக்குமார்.

"ஆடுங்க."

முறை வந்தபோது கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து வரிசையில் நாலாவது இடத்தில் கவிழ்த்தார். அங்கே இருந்ததைத் திருப்பிப் பார்க்காமலே தள்ளினார். கிளாவர் ஒன்பது. இப்படியே ஆறு சுற்று. ஏழாவது சுற்றில் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். இஸ்பேடு மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அடுத்தது மூன்று ராஜா. அப்புறம் டைமன் வரிசை. ஜோக்கர் கடைசியில். ஒரு சீட்டு இடம் மாறவில்லை. நின்றிருந்த இருபது பேரும் மேஜைமேல் குனிந்தார்கள். பின்னால் டீ கொண்டுவந்தவர் "ஆத்தாடி" என்றார்.

புதன் ஜெயித்தார், வியாழன் ஜெயித்தார். வெள்ளிக்கிழமை சீட்டு வரவில்லை, கொஞ்சம் இறங்கினார். சனிக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மருதாசலம் கூட்டிப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்டர் முப்பத்தொரு பாயிண்ட் மேல இருக்கறாருங்க."

கடைசிக் கை வந்தது. பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டாத கை. ஜோக்கரும் இல்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஊரே கூடி நிற்கிறது, ஒரு வித்தை காட்டி முடிப்பார் என்று நினைத்தார்கள். மொக்கைச்சாமி சீட்டை ஓரமாகத் தள்ளினார்.

"நான் ஆடல. இருபது."

"அட, ஆம்பளையா இருந்தா ஆடுங்க மாஸ்டர்!" என்று கத்தினார் செல்வக்குமார். "கடைசிக் கைங்க!"

"ஆம்பளைக்கு இதுல என்ன வேல? இது கீழ வைக்கிற கை. வச்சாச்சு."

முப்பத்தொன்றில் இருபது போகப் பதினொன்று. பதினொரு பாயிண்ட் மேலே. கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டார். விரலெல்லாம் வளையம் வளையமாகத் தழும்பு.

"இப்பப் போன் போடுங்க" என்றார். "போன வாரம் யார் யாருக்குப் போட்டீங்களோ அத்தன பேருக்கும். எல்லாருங் கேக்குற மாதிரி."

செல்வக்குமார் மோசமான மனிதர் இல்லை. தப்பென்று தெரிந்தால் ஒத்துக்கொள்கிறவர்தான். போன் போட்டார். "நான் சொன்னது தப்புங்க. சுத்தமான ஆளுங்க. இரும்புக் கையுறை போட்டு, சீட்டக் கவுத்து வெச்சு ஆடி ஜெயிச்சுப்போட்டாருங்க."

பல்லடத்துக்காரர் பதில் எல்லோர் காதிலும் விழுந்தது. "கவுத்து வெச்சா? அப்ப இங்க வேண்டவே வேண்டாமுங்க!"

மூக்கம்மாளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "யோக்கியன்னு காட்டிட்டீக, சரி. இம்புட்டு வெவரமான ஆளுன்னும் காட்டிட்டீகளே. இனிமே ஒங்க கூட எவன் ஒக்காருவான்?"

அவள் சொன்னது சரிதான். இந்தத் தொழிலில் பெரிய கஷ்டம் தோற்பது இல்லை. எவ்வளவு தெரியும் என்பதைக் கடைசிவரைக்கும் மறைத்து வைப்பது. நாலு வருஷம் மறைத்ததை நாலே நாளில் மேஜைமேல் விரித்துக் காட்டியாகிவிட்டது. காட்டாமல் இருந்திருந்தால் பெயர் போயிருக்கும். வேறு வழி என்ன இருந்தது?

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தார். மேஜையில் ஐந்து நாற்காலி காலி. மற்ற மேஜைகளில் "எடமில்லீங்க மாஸ்டர்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஐந்தரைவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். செவ்வாயும் புதனும் அப்படியே. டிபனைச் சாப்பிடுவார், கை கழுவுவார், திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்காருவார். "வேற தொழில் பாக்கலாமுங்களே" என்று யாரோ சொன்னதற்கு, "தொழிலுக்குத்தேன் வந்திருக்கேன். ஆளு வரல" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் செல்வக்குமார் எதிர் நாற்காலியை இழுத்தார்.

"கம்பெனிலயும் தோத்துட்டுத்தானுங்க இருக்கறேன் மாஸ்டர். யாருகிட்டத் தோக்கறேன், எதுக்குத் தோக்கறேன்னே தெரிய மாட்டேங்குது. உங்ககிட்டன்னா தெரிஞ்சு தோக்கலாமுங்க."

"தோக்க வந்தீங்கன்னா எந்திரிச்சுப் போங்க" என்றார் மொக்கைச்சாமி. "பரிதாபப்பட்டு எனக்கு யாரும் படியளக்க வேணாம். ஜெயிக்கணும்னா ஒக்காருங்க."

செல்வக்குமார் நின்றபடியே யோசித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜெயிக்கத்தானுங்க வந்தேன்."

செயலாளர் ஆனதிலிருந்து சீட்டையே தொடாத மருதாசலம், நோட்டை மூடி வைத்துவிட்டு மூன்றாவது நாற்காலியை இழுத்தார்.