மருந்துக் கிடங்கை இடிக்காத எட்டுப் பேர்

நேற்று பஸ்ஸில் உத்திரமேரூர் போகும்போது ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். வெடிமருந்துக் கிடங்குக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வாசலில் அரசாங்கப் பலகை, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று. இதை இடிக்கக் கூலி பேசிப் போனவர்களில் நானும் ஒருத்தன். சொன்னால் கண்டக்டர் நம்பமாட்டார்.

வெள்ளைக்காரப் பட்டாளம் துப்பாக்கி மருந்து வைக்கக் கட்டியது. சித்திரையிலும் உள்ளே குளிரும். ஏரி வழிந்தால் எங்கள் காலனியில் முழங்கால் தண்ணீர். ஆடு, அடுப்பு, பிள்ளைகளோடு அங்கேதான் ஏறுவோம். வேறு மேடு கிடையாது. எல்லாருக்கும் ஒரே பானையில் கஞ்சி. ஆட்டுப் புழுக்கை வாசனையோடு குடிப்போம். அதுவும் ருசிதான்.

அதை உபயோகமில்லாத கட்டடம் என்று அரசாங்கம் ஏலம் விட்டது. தேக்கு உத்தரத்துக்காகச் செங்கல்பட்டு காண்ட்ராக்டர் ஒருவர் எடுத்தார். முப்பது நாளில் இடித்து அள்ளவேண்டும். இல்லாவிட்டால் ஏலம் ரத்து. எங்கள் ஊர் டீச்சர் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கி, விற்கக்கூடாது என்று கலெக்டருக்கு மனு அனுப்பியிருந்தார். பதில் இல்லை.

"நாளைக் கடத்துங்கப்பா" என்றார் டீச்சர்.

இடிக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டோம் என்றால் வேறு ஆள் வருவான். அதனால் எட்டுப் பேரும் போனோம்.

காண்ட்ராக்டர் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"நான் தொடக்கூடாதுங்க. வூட்ல முழுவாம கீது."

பெண்டாட்டி கர்ப்பமாக இருந்தால் எங்கள் பக்கம் புருஷன் கட்டடம் இடிக்கமாட்டான். பிள்ளைக்கு ஆகாது. அது அவருக்கும் தெரியும். அடுத்தவனிடம் நீட்டினார்.

"எம் வூட்லயும்தாங்க."

ஏழு பேரும் அதையே சொன்னோம். கடைசியில் தம்புசாமி. பேரன் எடுத்தவர்.

"இன்னா பெருசு, உனக்குமா?"

"ஆமா நைனா. எனக்கே வெக்கமாத்தான் கீது."

"யார்கிட்ட கதை வுடுற? உன் பொண்டாட்டிக்குப் பல்லே இல்லியே."

"பல்லுக்கும் அதுக்கும் இன்னா நைனா சம்மந்தம்?"

காண்ட்ராக்டரே சிரித்துவிட்டார். அப்புறம்தான் கோபம் வந்தது. மாகறலுக்குப் போய் ஆள் தேடினார். எங்கள் சேதி சைக்கிளில் முன்னாலேயே போயிருந்தது. பழையசீவரத்துக்கும் போயிருந்தது. அந்த மாதம் பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் நடுவே முழுகாமல் இருக்கும் பெண் இல்லாத வீடே இல்லை.

முப்பது நாள் தாண்டியது. ஏலம் ரத்து. பிறகு மனுவைப் பார்த்துத் தொல்லியல் துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். கட்டடம் பட்டியலில் ஏறிவிட்டது, இனி விற்கமுடியாது என்றார் டீச்சர். எட்டுப் பேருக்கும் வடை வாங்கித் தந்தார். தம்புசாமியோடு மட்டும் அவர் பெண்டாட்டி பேசவில்லை. குழாயடியில் எல்லாரும் வளைகாப்பு எப்போது என்று கேட்டார்களாம்.

தம்புசாமி இப்போது இல்லை. கடப்பாரைக் கூலிக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. பொக்லைன் வருகிறது. மத்தியானத்துக்குள் தரைமட்டம். அதற்கு ஏது பெண்டாட்டி? நல்லவேளை, அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.