அவிழ்த்து மடித்து வைத்த துணி

ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பந்து மல்லிகைப் பூ கிடந்தது. திருப்பதியில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருத்திக்கு யார் பூ வாங்கி வருவார்கள்? அது தலையில் வைக்க வாங்கிய பூ இல்லை. குழந்தை போய்விட்டாலும் தாய்க்குப் பால் சுரப்பது நிற்பதில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடும். மல்லிகையை மாரோடு வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்துவரும் வைத்தியம். அந்தப் பூவை வாங்கி வந்து கட்டிவிட்டவர் அங்கே படுத்திருந்தவருடைய மாமியார். அதை அவிழ்த்துத் தலைமாட்டில் போட்டவர் படுத்திருந்தவரேதான். ஏர்பேட்டிலிருந்து வந்திருந்த அவரை நாங்கள் ஏர்பேட்டு அக்கா என்று கூப்பிட்டோம். வயதில் என்னைவிடச் சின்னவர். இருந்தாலும் அன்று என் வாயில் அக்கா என்றுதான் வந்தது, இன்றும் அப்படித்தான்.

இதை இப்போது எழுதி வைக்க என் பிள்ளைகள்தான் காரணம். மகள் திருப்பதியில் தங்கி, பத்தாவதுக்கு மேலே இன்டர் படிக்கிறாள், பயாலஜி. மகன் ஒன்பதாவது. லீவுக்கு வந்திருந்த மகள் சாப்பிடும்போது தம்பிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாசம், இரக்கம், நியாயம் எல்லாம் பரிணாமத்துல வந்ததுதான்டா. குட்டியைக் காப்பாத்தின மிருகத்தோட வம்சம் நின்னுச்சி. காப்பாத்தாதது அழிஞ்சி போச்சி. அவ்ளோதான் கதை."

"அப்போ ஆத்மான்னு ஒண்ணும் இல்லையா?"

"கீதுன்னா காட்டு, பாக்கலாம்."

"அப்போ நான் நல்லவனா கீறது எல்லாம் சும்மா வம்சத்துக்குத்தானா?"

"நீ நல்லவனா? யார்ரா உனக்குச் சொன்னது?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "நைனா, நீ சொல்லு" என்றான். நான் பத்தாவதோடு நின்றவன். சத்தியவேட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பால் ஊற்றும் சென்டரில் வேலை. மகள் படிக்கும் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தால் அதன் கனம்தான் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்குள் அவனே இருக்கிறான் என்பது அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகள் சொன்னதைப் பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. மாடுகளோடு வளர்ந்தவனுக்கு அது புரியாத விஷயமும் இல்லை. கன்று செத்துப்போனால் பசு பாலை இறக்காது, மடியைத் தொட்டால் உதைக்கும். அப்போது எங்கள் ஊரில் செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு முகர்ந்து பார்க்கும், நக்கிக் கொடுக்கும், கொஞ்ச நேரத்தில் மடி நிறைந்துவிடும். தாயில்லாத வேறொரு கன்று இருந்தால் அதன் முதுகில் அந்தத் தோலைப் போர்த்தி விடுவதும் உண்டு. தன் கன்றின் வாசனை என்று நம்பிப் பசு அதையும் சேர்த்துக்கொள்ளும். தாய்ப்பாசம் என்று நாம் கும்பிடுவதில் பெரும் பங்கு மூக்கும் சுரப்பும்தான் என்பதை நான் அந்தக் கொட்டகையிலேயே பார்த்துவிட்டேன். ஏமாந்து சுரந்தாலும் அதுவும் அன்புதான். அந்தப் பசுவைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

மகன் பிறந்த உடனே என் மனைவிக்கு ஜன்னி கண்டது. அவளை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் கண் திறக்கவில்லை. குழந்தை எடை குறைவு. பாலாடையில் புகட்டிய பவுடர் பால் உள்ளே தங்கவில்லை, புகட்டப் புகட்ட வெளியே வந்தது. அழுகை பூனைக்குட்டி கத்துவதுபோல ஆகி, அப்புறம் அதுவும் தேய்ந்தது. "எப்படியாவது தாய்ப்பால் கிடைச்சா புள்ளை தேறிக்கும்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். குழந்தையை வைத்துக்கொண்டிருந்தவர் என் மனைவியின் அக்கா, பிள்ளைகளுக்குப் பெரியம்மா. ஊரில் மாடு வைத்திருப்பவர். பக்கத்துக் கட்டிலில் ஏர்பேட்டு அக்கா. அவருடைய ஆண் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது.

பெரியம்மாவுக்குக் கேட்க வாய் வரவில்லை. பிள்ளையை இழந்தவளிடம் போய், என் தங்கச்சி பிள்ளைக்குப் பால் கொடு என்று எப்படிக் கேட்பது? கொட்டகையில் தெரிந்த வழிதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏர்பேட்டு அக்கா தன் குழந்தையைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை, பழைய புடவையில் கிழித்தது, தலையணை மேலேயே வைத்திருந்தார். அவர் குளியலறைக்குப் போன நேரத்தில் பெரியம்மா அந்தத் துணியை எடுத்து எங்கள் பிள்ளைக்குச் சுற்றிவிட்டார். சாயங்காலம், ஆண்களை உள்ளே விடும் நேரம். நான் அப்போதுதான் வந்து கட்டில் ஓரம் நின்றேன். எதற்கு இந்தத் துணி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

அக்கா திரும்பி வந்து படுத்தார். பெரியம்மா குழந்தையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டார். அக்காவின் கை தானாகவே எழுந்து துணியைத் தொட்டது. அவர் குனிந்து முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார், குழந்தையை இழுத்து அணைத்தார். கட்டிய பூவையும் மீறி ரவிக்கை நனைந்தது. பெரியம்மா என்னைப் பார்த்தார். பசு கன்றைச் சேர்த்துக்கொண்டால் கொட்டகையில் எப்படிப் பார்ப்பாரோ அந்தப் பார்வை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு அக்கா கண்ணைத் திறந்தார். குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மெதுவாகத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ, கோச்சிக்காதம்மா, தெரியாம..." என்று பெரியம்மா பதறினார்.

அக்கா துணியை உதறி, மடிப்பு கலையாமல் மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தார். குழந்தை வெறும் உடம்போடு கிடந்து முனகியது. திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அது அவன் துணி. இவனுக்கு வேற துணி இல்லையா?" என்றார் என்னைப் பார்த்து.

என் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். பஸ்ஸில் வந்த வேர்வை வாசனை அதில். அதிலேயே பிள்ளையைச் சுற்றினார்.

"பாலு கேட்டா குடுக்கமாட்டனா? கேக்கறதுக்கு வாய் இல்லையா உங்களுக்கு?"

அவருடைய மாமியார் ஓடிவந்து, "வத்தும்மா, வத்து" என்று தெலுங்கில் வேண்டாம் சொல்லிக் கையைப் பிடித்துத் தடுத்தார். தீட்டு கழியாமல் ஊரான் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அடுத்தது வயிற்றில் தங்காது என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன், பேரப்பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர் அவர்.

"தங்காட்டி போவுது அத்தே. இது இப்போ அழுவுது" என்றார் அக்கா. மாரில் கட்டியிருந்த பூவை அவிழ்த்துத் தலைமாட்டில் போட்டார். நான் திரும்பிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அழுகை நின்றது அங்கே நிற்கும்போது கேட்டது. என் மனைவி கண் விழித்து, அவளுக்குப் பால் வரும்வரை அக்காதான் கொடுத்தார்.

போர்த்திய தோலை நாம் எடுத்துவிட்டால் பசு உதைத்துத் தள்ளும். அக்கா அதைத் தானே எடுத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அந்தத் துணியோடேயே கொடுத்திருக்கலாம், அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், பால் அதே பால்தான். ஆத்மா எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டத் தெரியாது. ஆனால் துணி அவிழ்ந்து, பால் இன்னும் கொடுக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அது அந்தக் கட்டிலில் இருந்தது என்று நினைக்கிறேன். கடவுள் வைத்ததா, காலகாலமாக வளர்ந்து வந்ததா, இரண்டும் ஒன்றேதானா என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். மகள் விடவில்லை. "நைனா, வாசனை தெரியறதும் பரிணாமம், வாசனை பொய்னு தெரிஞ்சிக்கிற மூளையும் பரிணாமம்" என்றாள். சரி, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பேரையும் ஏர்பேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விசேஷம் எதற்காவது அக்காவை நான் பார்ப்பதுண்டு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அப்புறம் குழந்தை இல்லை. வேறு காரணம் என்று டாக்டர்கள் சொல்லியும் அவருடைய மாமியார் சாகும்வரை அந்தப் பாலைத்தான் சொல்லிக் காட்டினாராம். நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா மகனைப் பார்த்து எழுந்தார். நான் அவனைக் காலில் விழச் சொன்னேன். அவர் தடுத்து, அவன் கையைப் பிடித்து மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். "இன்னாடா, எலும்பாட்டம் கீற? வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?"

மகள் நேராகவே கேட்டாள். "அன்னைக்கு ஏன் குடுத்தீங்க அத்தை?"

"மாரு கட்டிக்கினு உயிர் போவற வலிம்மா. குடுத்தா வலி விட்டுச்சி. அதான் குடுத்தேன்."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் ஜெயித்த சந்தோஷம். நான் விடாமல், "அப்போ அந்தத் துணியை ஏங்க்கா அவுத்தீங்க?" என்றேன்.

அக்கா கடலைச் செடியின் வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அதோட குடுத்திருந்தா என் புள்ளை செத்ததும் பொய்யாப் பூடும், இது பொழைக்கறதும் பொய்யாப் பூடும். ரெண்டுக்கும் நான் அம்மா இல்லாத மாதிரி ஆயிடும்" என்றார். பிறகு, "வாங்க, துன்னுட்டுப் போங்க" என்று உள்ளே போனார்.

மகன் மூன்றாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டான்.

பஸ்ஸில் சத்தியவேடு வரும்வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் முன்னால் சொன்னாள்: "நைனா, இதுக்கும் எங்க புஸ்தகத்துல எங்கனா பதில் இருக்கும். நான் தேடறேன்."

"தேடும்மா," என்றேன். "கிடைச்சா எனக்குச் சொல்லாதே. அக்காவாண்ட போய்ச் சொல்லு. சரிதானான்னு அவங்கதான் சொல்லணும்."