அத்தானின் பியருக்கு அம்மா இறைத்த தண்ணீர்

பியர் புளிக்கும் நாற்றத்தை நான் முதலில் முகர்ந்தது எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில்தான். ஊறப்போட்டு மறந்துபோன நெல்லின் நாற்றம் அது. அதோடு ஈரச்சாக்கின் நாற்றமும் சேர்ந்துகொண்டது.

அக்காவின் கணவர் கப்பலில் வேலை செய்தவர். சண்டை கூடியபின் திரும்பிப் போக வழியில்லாமல், பிள்ளைத்தாச்சியான அக்காவோடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் அவர் ஒருவர்தான் ஆண். ஆறு மணிக்கு ஊரடங்கு, அதற்கு முன்பே சாராயக்கடை பூட்டிவிடும். ஒருநாள் அத்தான் வீட்டிலேயே பியர் போடப்போவதாகச் சொல்லி, பெட்டியைத் திறந்து தேன்போலக் கெட்டியான மோல்ட் பாணி இரண்டு டின், ஈஸ்ட் பொட்டலங்கள், ஒரு வெப்பமானி, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தது நான் ஒருத்திதான். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அவர் எழுத்துக்கூட்டத் தொடங்குமுன் தாளை வாங்கி நானே வாசித்தேன். இருபது பாகைக்குக் கிட்ட வைத்திருக்க வேண்டும், சூடு ஏறினால் பெயின்ற் எண்ணெய் மணம் வரும், தலையிடிக்கும் என்று விளக்கமும் சொன்னேன்.

"கிணத்துத் தண்ணியே இருபத்தேழு, அத்தான். இருபதுக்கு எப்பிடி வரும்?"

"நீங்கள் படிச்சனீங்கள்தானே மச்சாள், ஒண்டை யோசியுங்கோ."

யோசித்தேன். அந்த நாட்களில் கச்சான் காற்று வறண்டு வீசிக்கொண்டிருந்தது. பாணியையும் ஈஸ்டையும் கரைத்து ஊற்றிய பிளாஸ்டிக் பீப்பாயை நாங்கள் பரல் என்போம்; அந்தப் பரலுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வைக்கச் சொன்னேன். வெப்பமானி இருபத்தைந்துக்கு இறங்கியது. அத்தான் கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மணிக்குள் சாக்கு காய்ந்துவிட்டது. உள்ளே ஈஸ்ட் தன்பாட்டுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். அத்தான் யாரையும் ஏவவில்லை. "மாமிக்குக் கஷ்டமெண்டா வேண்டாம்" என்று கதிரையில் சாய்ந்தபடி மெல்லச் சொல்வார். மருமகன் அப்படிச் சொன்னபின் அம்மாவால் இருக்க முடியுமா? எழும்பிக் கிணற்றடிக்குப் போவாள். அவளுக்கு வலது தோள் ஏற்கெனவே சரியில்லை. நான் கயிற்றைத் தொட்டால், "படிச்ச பிள்ளை வாளி இழுக்கிறதோ, விடு" என்பாள். விட்டேன். அதை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாம் நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு மண்ணிறமாக நுரை வழிந்தது. இலையான் மொய்த்தது. சாராயக்கடைப் பக்கம் முகத்தையே திருப்பாத அம்மா அதைக் கையால் வழித்து எறிந்தாள். மூன்றாம் நாள் அவளால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

"எவ்வளவு காட்டுது, மச்சாள்?" என்று அத்தான் உள்ளேயிருந்து கேட்டார்.

சாக்கு அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. வெப்பமானி முப்பத்துமூன்று காட்டியது.

"இருபத்தைஞ்சு, அத்தான்."

அன்றிலிருந்து நான்கு நாளும் இருபத்தைந்துதான். அம்மா விறாந்தையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

இரண்டு கிழமை கழித்து, மத்தியானம், உப்புவெளியிலிருந்து அத்தானின் இரண்டு கூட்டாளிகள் வந்தார்கள். போத்தலைத் திறந்ததும் பெயின்ற் எண்ணெய் மணம் குசினிவரை வந்தது.

"ஆ! கப்பல்ல குடிச்சதைவிடத் திறம் மச்சான்!" என்றார் ஒருவர். மற்றவர் குடித்துவிட்டுக் கிணற்றடியிலேயே சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு கிளாஸ் கேட்டார்.

"அடுத்த டின்னை நாளைக்குப் போடுவம்" என்றார் அத்தான். "கொஞ்சம் மணக்குது. சாக்கை இன்னும் அடிக்கடி நனைச்சா வடிவா வரும். மாமிக்குக் கஷ்டமெண்டா வேண்டாம்."

"அதுக்கென்ன தம்பி" என்றாள் அம்மா.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் சொன்ன நம்பரெல்லாம் பொய், அத்தான். சாக்கு நனையவே இல்லை. முப்பத்துமூண்டிலதான் கிடந்தது."

சத்தி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப முப்பத்துமூண்டுதானடா சரியான சூடு!"

அத்தான் சிரிக்கவில்லை. அம்மாவின் முகம் கறுத்தது. "மருமகனிட்ட இப்பிடியோ கதைக்கிறது? பொய் சொல்லவோ உன்னைப் படிப்பிச்சனான்?"

எங்கள் வீட்டில் என் படிப்பு முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு பரல் பியருக்கு. அதிலும் நான் பொய் சொல்லியிருந்தேன்.

மறுநாள் பரல் மீண்டும் விறாந்தைக்கு வந்தது. அம்மா வாளியை எடுத்தாள். கிணற்றடியில் நான் கயிற்றைப் பிடித்தேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. தோள் நோவில் அவளுடைய பிடி தானாகவே தளர்ந்தது. உள்ளே போய்விட்டாள்.

ஒரு கிழமை நான் இறைத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. சாக்கு நாற்றம் சட்டையில் ஏறி, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. இருபத்தைந்து என்றால் இருபத்தைந்து என்றேன், இருபத்தாறு என்றால் இருபத்தாறு. அம்மா அந்த ஏழு நாளும் என்னோடு கதைக்கவில்லை. கிணற்றடிக்கும் வரவில்லை.

போத்தலில் அடைக்கும் அன்று அத்தான் மணந்து பார்த்தார். பெயின்ற் எண்ணெய் மணம் இல்லை.

"பாத்தீங்களோ மச்சாள், மனம் வச்சா உங்களாலயும் ஏலும்" என்றார், மிகவும் மரியாதையாக.

நாறிக்கொண்டிருந்த சாக்கை உருவி அவர் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.